பத்து டன் விறகும் ஒரு சிறிய வண்டியும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் விறகைக் ‘கார்டு’ கணக்கில் அளக்கிறார்கள். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு நெருக்கி அடுக்கினால் ஒரு கார்டு. மொத்தம் 128 கன அடி. பச்சை மேப்பிளோ ஓக்கோ ஆனால் அப்படி ஓர் அடுக்கின் எடை இரண்டு டன்னைத் தாண்டும். விறகை நம்பியே குளிர்காலத்தைக் கடத்தும் வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கைந்து கார்டு வேண்டும். ஒரு குடும்பம் ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்து டன் மரத்தை, விழுந்த இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும் என்று இதற்கு அர்த்தம். அறுக்க ரம்பம் இருக்கிறது. பிளக்கக் கோடரி இருக்கிறது. முதுகை ஒடிப்பது இடையில் கிடக்கும் அந்தச் சில நூறு அடி மேடும் பள்ளமும்தான்.

ஒரு காலத்தில் அந்தத் தூரத்தைக் குதிரைகள் கடந்தன. குதிரை மரத்துக்கு மரம் வளைந்து போகும், ஒரு சொல்லுக்கு நிற்கும். ஆனால் விறகு இழுக்காத நாளிலும் அதற்குத் தீனி போட வேண்டும். பிறகு டிராக்டர் வந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அது காட்டுக்குள் நுழைய அகலமான பாதை வெட்ட வேண்டும். ஈரமண்ணில் அதன் சக்கரம் போட்ட பள்ளம் பல ஆண்டுக்கு மாறாது. இன்று அந்த மலைக்கிராமங்களின் கொட்டகைகளில் நிற்பது ஏ.டி.வி. என்ற சிறிய வண்டி. குதிரைமேல் உட்காருவதுபோல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார ஓர் இருக்கை, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் ஒரு கைப்பிடி, நான்கு பருத்த டயர்கள், முன்னும் பின்னும் இரும்புக் கம்பித் தட்டுகள். மொத்த எடை சுமார் 300 கிலோ. விறகு இழுப்பதற்காக இது பிறக்கவில்லை. அந்த வேலைக்கு இது வந்து சேர்ந்த வழி நீண்டது; அந்த வழியில் பலர் செத்தும் இருக்கிறார்கள்.

குளிர்காலத்துக்கு ஒரு சரக்கு

1967இல் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளைக்கு ஒரு குறை. வசந்தத்தில் ஏறும் மோட்டார் சைக்கிள் விற்பனை பனி விழத் தொடங்கியதும் படுத்துவிடும். குளிர்காலத்திலும் விற்க ஏதாவது வேண்டும் என்று கடைக்காரர்களுக்காகக் கிளை நிறுவனம் ஜப்பானியத் தாய் நிறுவனத்திடம் கேட்டது. ஒசாமு தாக்கெயுச்சி என்ற பொறியாளரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை அவர் வைத்து ஓட்டிப் பார்த்தார். பனி, சேறு, வழுக்கும் மேடு எல்லாவற்றையும் சின்ன எஞ்சினோடு சமாளிக்க மூன்று சக்கரமே தோதாக இருந்தது. ஆனால் சாதாரண டயர் பனியில் புதைந்தது.

அப்போது ஆம்ஃபிகேட் என்ற ஆறு சக்கர வண்டி அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. நிலத்திலும் நீரிலும் ஓடும் அந்த வண்டிக்குத் தலையணைபோல் மெத்தென்ற டயர்கள். அந்த டயரை வைத்துச் சோதித்து, வெட்டி, பெரிதாக்கி, கடைசியில் 22 அங்குல உயரமுள்ள ஒரு டயரைத் தாக்கெயுச்சியின் குழு உருவாக்கியது. அதனுள் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2.2 பவுண்டு மட்டுமே; கார் டயரில் இது முப்பதை ஒட்டி இருக்கும். மெல்லிய டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அது தரையை அழுத்தும். ஆகவே வண்டி பனியில் அமிழாமல் மேலேயே ஓடியது. இந்த வண்டியின் மற்ற எல்லாம் பின்னாளில் மாறின. தரையை நோகடிக்காத அந்த டயர் மட்டும் இன்றுவரை அதன் உயிர்நாடி. விறகு இழுக்கும் வேலைக்கு அது தகுதி பெற்றதும் இந்த டயரால்தான்.

1970இல் யு.எஸ்.90 என்ற பெயரில் வண்டி கடைக்கு வந்தது. 89 சி.சி. எஞ்சின், 7 குதிரைத்திறன், விலை 595 டாலர். ஸ்பிரிங் எதுவும் இல்லை. குலுக்கலை டயரே தாங்கிக்கொண்டது. விரைவிலேயே ஏ.டி.சி.90 என்று பெயர் மாறியது. 1971இல் வெளிவந்த ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபார்எவர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் அதில் ஏறிப் பாலைவனத்தில் ஓட்டினார். ஊரார் கண்ணுக்கு அது விளையாட்டு வண்டி.

எண்ணெய் விலை கொடுத்த வேலை

1973இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின; விலை எகிறியது. அதன் அடி, வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்து வீடுகளில் பலமாக விழுந்தது. அங்கே பெரும்பாலான வீடுகள் எண்ணெய் எரித்துச் சூடேற்றிக்கொண்டவை. பத்தாயத்தில் நெல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல எண்ணெய்த் தொட்டியின் அளவைப் பார்க்க வேண்டிய நிலைமை வந்ததும், மக்கள் கொல்லைக் காட்டை நிமிர்ந்து பார்த்தார்கள். வெர்மான்ட்டின் நிலத்தில் நான்கில் மூன்று பங்கு காடு. அதில் பெரும்பகுதி தனியார் கையில், குடும்பங்களின் கையில் இருக்கிறது. 1975இல் அதே மாநிலத்தின் ரான்டால்ஃப் ஊரில் வெர்மான்ட் காஸ்டிங்ஸ் என்ற நிறுவனம் வார்ப்பிரும்பு அடுப்புகள் செய்யத் தொடங்கியது. அதன் ‘டிஃபயன்ட்’ அடுப்பு வீடு வீடாகப் போனது. பாட்டன் காலத்தோடு போய்விட்டதென்று நினைத்த விறகடுப்பு கூடத்துக்குத் திரும்பி வந்தது.

அடுப்பு வந்தால் விறகு வர வேண்டும். விறகு வர ஒரு வண்டி வேண்டும். அதே எண்ணெய் விலை, பண்ணைகளில் டிராக்டரைத் தேவையில்லாமல் கிளப்ப யோசிக்க வைத்தது. வேலி பார்க்கவும் கன்றுக்குத் தீனி கொண்டுபோகவும் மூன்று சக்கர வண்டியே போதும், எரிபொருளும் கொஞ்சம்தான் குடிக்கிறது என்று விவசாயிகள் கண்டுகொண்டார்கள். அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தட்டைக் கட்டைகள் ஆரம்பகால டயரைக் குத்திக் கிழித்தன. எழுபதுகளின் நடுவில் டயருக்குள் இழைத்துணி வைத்து உறுதிப்படுத்தினார்கள். 1982இல் வந்த ‘பிக் ரெட்’ முழுக்க வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டது: முன்னும் பின்னும் சுமைத்தட்டு, பின்புறம் இழுவைக் கொக்கி. தொழிற்சாலை நினைத்திராத ஒரு வேலையை மக்கள் அந்த வண்டிக்குக் கொடுத்தார்கள். தொழிற்சாலை அவர்களைப் பின்தொடர்ந்தது.

மூன்று சக்கரம் கேட்ட விலை

மூன்று சக்கரத்தின் அடிப்படைக் கோளாறு எளிமையானது. முன்னால் ஒற்றைச் சக்கரம். பின்னிரு சக்கரமும் ஒரே அச்சில் சேர்ந்தே சுழலும். திருப்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். அதற்கு அச்சு இடம் கொடுக்காது. ஓட்டுபவர் உடம்பைச் சரியான பக்கம் சாய்த்து, உள்பக்கச் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் வண்டி திரும்பும். பழகாதவருக்கு அது நேராகப் போகும், அல்லது கவிழும். சிறுவர்களுக்கு உடம்பில் அந்த எடையும் இல்லை, தலையில் அந்த நிதானமும் இல்லை. ஆனால் வாங்கிக் கொடுத்தார்கள். 1984இல் ஹோண்டா மட்டும் 3,70,000 வண்டிகளை விற்றது. 1986இல் மட்டும் 80,000க்கு மேற்பட்டோர் ஏ.டி.வி. காயங்களோடு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. இறந்தவர்களிலும் காயம்பட்டவர்களிலும் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஏராளம்.

1988இல் நீதிமன்ற ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. தயாரிப்பாளர்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தினார்கள். வாங்குபவருக்கு இலவசப் பயிற்சி தரவும், பெரிய எஞ்சின் வண்டிகளைப் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் ஓட்டுவதற்காக விற்காமலிருக்கவும் ஒப்புக்கொண்டார்கள். அதே 1988இல்தான் விறகடுப்பின் புகைக்கும் மத்திய அரசு முதல்முறையாக வரம்பு கட்டியது. காட்டு முனையில் வண்டியையும் வீட்டு முனையில் அடுப்பையும் ஒரே ஆண்டில் சட்டம் திருத்தியது. இரண்டு திருத்தமும் தாமதமாக வந்தவை. முன்னதாகவே வந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். இந்த வண்டியைப் போற்றி எழுதும் எவரும் அதைச் சொல்லாமல் கடந்து போகக் கூடாது.

நான்காவது சக்கரம்

மாற்று அதற்குள் பிறந்திருந்தது. 1983ஆம் ஆண்டு மாடலாகச் சுசுகி எல்.டி.125 என்ற நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. அதில் ரிவர்ஸ் கியரும் இருந்தது. விறகு ஏற்றி மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவருக்கு ரிவர்ஸ் கியரின் அருமை தெரியும். 1986இல் ஹோண்டாவின் ஃபோர்டிராக்ஸ் 350 வந்தது: நான்கு சக்கரமும் இழுக்கும், சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட். சேறும் மரத்தூளும் புகுந்து கெடுக்க வெளியே எதுவும் தொங்கவில்லை.

மினசோட்டாவின் ரோசோ என்ற சிற்றூரில் பனிச்சறுக்கு வண்டி செய்துவந்த போலாரிஸ் 1985இல் தன் முதல் ஏ.டி.வி.யை இறக்கியது. பனிவண்டியில் பழகிய பெல்ட் முறையையே இதிலும் வைத்ததால் கியர் மாற்றும் வேலை இல்லை. கட்டை விரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் போதும். ஹோண்டா கோடைகால வியாபாரி. குளிர்காலத்துக்குச் சரக்கு தேடியது. போலாரிஸ் குளிர்கால வியாபாரி. மற்ற மாதங்களுக்குச் சரக்கு தேவைப்பட்டது. இருவரும் வந்து சேர்ந்தது ஒரே வண்டியில். ஆண்டு முழுவதும் வேலை இருக்கும் வீட்டுக்கு அந்த வண்டி பொருந்திப்போனதில் வியப்பில்லை. வெட்டுவது பனியில், பிளப்பது வசந்தத்தில், காய்வது கோடையில், வாசலுக்கு வருவது இலையுதிர்காலத்தில் என்று விறகுக்கும் பன்னிரண்டு மாதமும் வேலைதான்.

ஒரு மரம் வீடு வரும் வழி

சனவரியில் தரை இறுகிக் கிடக்கும். மரத்தில் இலை இல்லை. எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். விறகுக்கு எடுப்பது நல்ல மரத்தை அல்ல. வெர்மான்ட்டின் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு வன அலுவலர் உண்டு. கோணலானது, உச்சி முறிந்தது, நோய் விழுந்த பீச் மரம், பக்கத்து மேப்பிளை வளரவிடாமல் நெருக்குவது, இவற்றை எடுங்கள், நேரானதை விட்டுவையுங்கள் என்பதே வன அலுவலர்கள் சொல்லும் பாடம். இப்படி எடுத்தால் காடு வளம் பெறும். ஆனால் பத்துக் கோணல் மரத்துக்காக எந்த மரவியாபாரியும் தன் பெரிய இயந்திரத்தை மலைக்கு ஏற்ற மாட்டார். சிறிய வண்டி இருந்தால்தான் இந்தச் சிறிய வேலை நடக்கும். நல்ல மரங்களைத் தொடாமல், ஐந்தடிப் பாதையில் நுழைந்து, வேண்டியதை மட்டும் எடுத்துவர அது இடம் கொடுக்கிறது. இந்த வண்டி செய்யும் மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விழுந்த மரத்தை இழுப்பதில் இருவகை. வழி நன்றாக இருந்தால் அங்கேயே அறுத்து டிரெய்லரில் ஏற்றலாம். காட்டுக்கென்று செய்த டிரெய்லரில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம். நடுவில் அச்சாணியில் ஆடும் ஒரு சட்டம் அவற்றை இணைக்கும். ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது மற்றது இறங்கிக் கொடுக்கும்; சுமை குடை சாயாது. வழி மோசமானால் கட்டையை முழு நீளத்தில் தரையோடு இழுத்து வர வேண்டும். அப்போது அதன் முன்முனை வேரிலோ அடிக்கட்டையிலோ முட்டும். முட்டாமலிருக்க முனையில் ஒரு கூம்புத் தொப்பியை மாட்டுவார்கள். அல்லது இரண்டு சக்கரமுள்ள ஒரு வளைவுச் சட்டத்தில் முனையைத் தூக்கிக் கட்டுவார்கள். தூக்கிக் கட்டினால் உராய்வு பெருமளவு குறையும், பட்டையில் அவ்வளவாக மண் ஒட்டாது, ரம்பத்தின் பல் சீக்கிரம் மழுங்காது.

சங்கிலியை எங்கே கட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். வாகாக இருக்கிறதே என்று மேலே உள்ள சுமைத்தட்டில் கட்டினால், கட்டை எங்காவது முட்டி நின்ற கணத்தில் எஞ்சினின் முழுத் திறனும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். வண்டி பின்னால் புரண்டு ஓட்டுபவர்மேல் விழும். யோசிக்க நேரம் இருக்காது.

சுமைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த வகை வண்டிகள் பலவற்றின் கையேடுகளில் இழுவை வரம்பு சுமார் 400 முதல் 600 கிலோ வரை இருக்கும். அதில் டிரெய்லரின் எடையும் அடக்கம். ஆகவே மரம் என்று ஏறுவது ஒரு நடைக்கு 350 கிலோவை ஒட்டி. பத்து டன்னுக்கு முப்பது நடை. வண்டி அதற்கு மேலும் இழுக்கும். இழுப்பது அதற்குப் பெரிதல்ல, நிறுத்துவதுதான் பெரிது. டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக் இல்லை. இறக்கத்தில் சுமை பின்னாலிருந்து தள்ளும். தன்னைவிடக் கனமானது தள்ளினால் வண்டி நேராக நிற்காது, டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி வண்டியைப் புரட்டும். மேட்டிலேயே லோ கியருக்கு மாற்றிக்கொண்டு எஞ்சின் பிடிப்பில் மெதுவாக இறங்க வேண்டும். சரிவை நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே போகக் கூடாது. பெல்ட் வண்டியில் ஹை கியரில் வைத்துப் பாரம் இழுத்தால் பெல்ட் வழுக்கிக் கருகும். இருக்கை நீளமாக இருப்பதைப் பார்த்துப் பேரனை முன்னால் உட்காரவைக்கும் பழக்கமும் உண்டு. அந்த நீளம் இன்னொருவருக்காக அல்ல; மேட்டில் முன்னால் நகரவும் இறக்கத்தில் பின்னால் நகரவும் ஓட்டுபவருக்குத் தேவையான இடம் அது.

ஏப்ரலில் பனி உருகும்போது வண்டிக்கு ஓய்வு. மேல்மண் கூழாகவும் அடிமண் உறைந்தும் கிடக்கும் அந்த வாரங்களில் எவ்வளவு மெத்தென்ற டயரானாலும் தடம் பள்ளமாகும். பள்ளத்தில் தண்ணீர் ஓடி மண்ணை ஓடைக்குக் கொண்டுபோகும். அந்த வாரங்களில் வீட்டருகே பிளப்பதும் அடுக்குவதும் நடக்கும். பச்சை மரத்தில் பெருமளவு தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அடுப்பில் அது புகையாமல் எரியும். இல்லாவிட்டால் சூட்டின் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், புகைக்குழாயில் தாரும் படியும். ஆஷ் மரம் ஒரு கோடையில் காயும். ஓக்குக்கு இரண்டு கோடை வேண்டும்.

பனிமழையும் ஒரு பச்சை வண்டும்

1998 சனவரி தொடக்கத்தில் கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் பனிமழை பெய்தது. தண்ணீராக விழுந்து பட்ட இடத்தில் உறையும் மழை. மின்கம்பங்கள் அந்தப் பாரத்தில் முறிந்தன. பல லட்சம் வீடுகள் இருண்டன. மெய்ன் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் போயிற்று. சில இடங்களில் திரும்பி வர வாரங்கள் ஆயின. எண்ணெய்ச் சூடேற்றிக்கும் மின்விசிறி வேண்டும், பம்பு வேண்டும். விறகடுப்புக்கு எதுவும் வேண்டாம். அடுப்புள்ள வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடிப் படுத்தார்கள். பனிமழை முறித்துப் போட்ட கிளைகளும் மரங்களும் பின்னர் விறகாயின.

2002இல் மிச்சிகனில் ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. ஆஷ் மரத்தின் பட்டைக்குள் அதன் புழு சுரங்கம் போட்டு, நீரோட்டத்தை அறுத்து மரத்தைக் கொல்லும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. அந்த வண்டு தொலைதூரம் போக முக்கிய வாகனமாக இருந்தது மனிதர் காரில் ஏற்றிச் சென்ற விறகு. நியூயார்க் மாநிலம் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகத் தடை விதித்தது. ஆனாலும் 2018இல் வண்டு வெர்மான்ட்டை எட்டிவிட்டது. இதற்கு வனத்துறையினர் சொல்லும் மருந்து எளிது: விறகைக் கிடைத்த இடத்திலேயே எரியுங்கள். சில நூறு அடிக்குமேல் விறகைக் கொண்டுபோகாத சிறிய வண்டி அந்த மருந்தோடு ஒத்துப்போகிறது.

இனி

வண்டியின் வாழ்க்கை இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் புதிய பண்ணை ஏ.டி.வி. ஒவ்வொன்றிலும் கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காமல் காக்கும் சட்டகம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதை ஏற்காத சில பெரிய நிறுவனங்கள் அந்த நாட்டில் இவ்வகை வண்டி விற்பதையே விட்டன. அந்நாடு செய்தது சரி. விறகு இழுக்கும் வேகத்தில் போகும் வண்டிக்கு அந்தச் சட்டகம் பாரமே இல்லை. மறுபுறம், இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரும், ஸ்டியரிங்கும் சீட் பெல்ட்டும் கூரைக்கம்பியும் உள்ள பெரிய வண்டிகள் சந்தையைப் பிடித்துவருகின்றன. அவை பாதுகாப்பானவை, அதிகம் சுமக்கும். ஆனால் அவற்றுக்கு அகலமான வழி வேண்டும், அந்த வழிக்கு நல்ல மரங்கள் விழ வேண்டும், அவற்றின் விலைக்கு இன்னும் நிறைய விறகு விற்க வேண்டும். கூடத்து அடுப்புக்காகத் தொடங்கிய வேலை மெல்ல வியாபாரமாகிவிடும்.

ஆகவே விறகுக்கென்று வண்டி வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு இழுக்கும் என்பதல்ல. என் காட்டுக்கு எது போதும் என்பதே. ஒரு குளிர்காலத்துக்கு முப்பது நடை அதிகமில்லை. அதை இருபதாகக் குறைக்க ஏற்றும் கூடுதல் பாரத்தில்தான் சங்கிலி அறுகிறது, டிரெய்லர் மடங்குகிறது, மனிதர் விழுகிறார்கள். வண்டி சிறியதாக இருக்கட்டும், சுமை அதைவிடச் சிறியதாக இருக்கட்டும். குழந்தைகள் வாசலில் விறகு அடுக்கட்டும். வண்டியை நிதானம் தெரிந்த ஒருவர் ஓட்டட்டும்.